வாலிபால் கம்பத்தில் துளிர்

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது செய்யூர்ப் பக்கத்து எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். வந்த வேகத்தில் பெண்களுக்கு வாலிபால் அணி என்று அறிவித்துவிட்டார். ஆனால் பந்து, வலை, கம்பம் எதுவுமே பள்ளியில் கிடையாது. அரையாண்டுப் பரீட்சைக்குள் ஆடுகளம் தயாராகாவிட்டால் இந்த வருடம் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதுவரை என் உயரத்துக்காக நான் வாங்கியதெல்லாம் கிண்டல்தான். அதே உயரத்துக்காகத்தான் அணியில் என்னை முதல் ஆளாக எடுத்திருந்தார்கள்.

பெற்றோர் கூட்டம் போட்டார்கள். கட்டாயமில்லை, விருப்பமுள்ளவர்கள் முடிந்ததைச் செய்யுங்கள் என்றார் டீச்சர். கல்பாக்கத்தில் உத்தியோகம் பார்க்கும் ஒருவர் பந்து வாங்கித் தருவதாகச் சொன்னார். கடலோரத்துக் குடும்பம் ஒன்று வலை பின்னித் தருவதாகச் சொன்னது. மறைமலைநகர் கம்பெனிக்குப் போகும் என் மாமா அணிக்கான சட்டைகளை ஏற்றுக்கொண்டார். அப்பா எங்கே எழுந்துவிடப் போகிறாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். சவுக்குத் தோப்பில் கூலிக்கு மரம் வெட்டுகிறவர் அவர். நாலு பேர் நடுவில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. எழுந்தேவிட்டார்.

"கம்பம் ரெண்டும் எங்க வூட்டுது, டீச்சர்."

சவுக்குக் கம்பம் வரும் என்று எல்லோரும் நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை அவரும் மாமாவுமாகத் தோளில் சுமந்து வந்து நட்டது, எங்கள் கொல்லையில் நின்ற பூவரசு. அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "நாளெல்லாம் சவுக்கு வெட்டறவருக்கு ரெண்டு சவுக்கா கெடைக்கல?" என்றாள்.

"சவுக்கு இன்னா நம்மளுதா? மொதலாளியுது. குடுக்கறதுன்னா நம்ம வூட்டுதக் குடுக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை அடுத்த மழை வரைதான். கம்பங்கள் துளிர்த்துவிட்டன. முதலில் அங்கங்கே பச்சை முளை, பிறகு வலைக்கு மேலே கொத்துக் கொத்தாக இலை. "உங்கப்பா கம்பம் நடலடி, கன்னு நட்டுகீறாரு!" என்று தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பெண்கள் ஆடும் நேரத்தில் ஆண்கள் மைதானத்துக்குள் வரக்கூடாது என்பது பெற்றோர் கூட்டத்திலேயே டீச்சர் சொல்லியிருந்த கண்டிப்பான சட்டம். பெற்ற அப்பனாக இருந்தாலும் கேட்டோடு சரி. என் அப்பாவுக்கு மட்டும் கேட் திறந்தது. சாயங்காலம் வேலை முடிந்து கத்தியோடு வருவார், துளிரைக் கழிப்பார். கழித்து முடித்தும் போகமாட்டார். கம்பத்தடி மண்ணை மிதித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்து நிற்பார். "ஈரம் கீது, டீச்சர். வுட்டா காடாயிடும்" என்பார்.

பந்து தந்தவரே இரும்புக் கம்பமும் தருவதாகச் சொன்னபோது துள்ளிக் குதித்து வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அப்பா பாதிச் சோற்றிலேயே கை கழுவிவிட்டார். மறுநாளே டீச்சர் முன்னால் போய் நின்றார். "இரும்பு வெயில்ல கொதிக்கும், டீச்சர். புள்ளைங்க ஓடி வந்து மோதிக்கினா மண்ட ஒடஞ்சிடும். இது இருக்கட்டும்" என்று ஏதேதோ வாதாடினார். டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஆடுகளத்தில் நின்ற என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சரி என்றுவிட்டார். இரண்டு பேர் மேலும் எனக்கு அப்படி ஒரு கோபம்.

செங்கல்பட்டில் நடந்த போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்தோம், அடுத்ததில் தோற்றோம். ஜெயித்ததை மட்டும் சொல்லிச் சொல்லி, திரும்பி வரும் பஸ்ஸையே அமர்க்களப்படுத்தினோம். அடுத்த இரண்டு வருடமும் அந்தக் கம்பங்களுக்கு நடுவில்தான் ஆடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலங்கள் பிறகு வாய்க்கவில்லை.

நான் எகிறிப் பந்தை அடிக்கும்போதெல்லாம் அப்பாவின் கத்தி அசையாமல் நின்றதைக் கவனித்திருக்கிறேன். பாவம், வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கத்தில் வேலிக்குப் பூவரசங்கம்பைத் தேடிப் பிடித்து நடுவதே, நட்டால் துளிர்த்துக்கொள்ளும் என்பதற்காகத்தான். எங்கள் தெருவில் பாதி வேலி அப்பா போட்டது. அது தெரியாமலா அவர் அந்தக் கம்பங்களைச் சுமந்து வந்தார் என்று கேட்க, எனக்கு அப்போது தோன்றவே இல்லை.