பாடகர் இல்லாத ஓபராவும் லேட்டான ஷிப்மென்ட்டும்

பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்குச் சம்பளம் தர்றது தைக்கறதுக்கு இல்லீங்க, சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர் திட்டறதைக் கேட்டுக்கறதுக்கு. என்னை மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எங்க இத்தாலிக்காரருக்கு மூணு ஷிப்மென்ட் லேட். அடுத்த ஆர்டர் எங்களுக்கா, வேற ஊருக்கான்னு நேர்ல வந்து சொல்றதா மெயில் போட்டுட்டார். ஆர்டர் போச்சுன்னா என் சீட்டும் போச்சு. அவருக்கு ஓபரான்னா உசுருன்னு நான் வாயை விட்டுட்டேன். மொதலாளி சென்னையிலிருந்து அறுபது பேர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவையே எங்க ஊர் வேலம்பாளையம் கல்யாண மண்டபத்துக்கு வரவழைச்சுட்டார்.

சாம்பிள் அப்ரூவல்

சாம்பிள் பாக்காம எங்க மொதலாளி ஒரு ஜட்டி கூடத் தைக்க விடமாட்டார். கச்சேரிக்கும் அதே கதைதான். ஒரு பீஸ் வாசிச்சுக் காட்டட்டும்னு ரிகர்சலுக்கு வந்து முன்வரிசையில உக்காந்துட்டார். கால்மணி நேரமாச்சு, பாடறவங்க யாரையும் காணோம். ஓபராங்கறது கதையையே பாட்டாப் பாடற நாடகம், இது அந்தப் பாட்டையெல்லாம் வாத்தியத்துக்கு மாத்தி எழுதினது, பாடகர் பங்கையும் வயலினே வாசிச்சுரும்னு மூச்சு வாங்க விளக்கினேன். பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னார்: "பிரிண்ட் போடாத டி-ஷர்ட்டுன்னு சொன்னாப் போதுமுங்களே."

செல்வியக்காவின் செக்கிங்

செல்வியக்கா, தைச்ச பீஸைச் சரிபார்க்கற எங்க செக்கிங் செக்ஷன், தூத்துக்குடிப் பக்கம். மேடைக்குப் பூ வைக்க அனுப்பியிருந்தேன். டீ பிரேக்குல போய்ப் பார்த்தா, நாற்காலியில இருந்த வயலின் வில்லையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து, நூல் வெட்டற கத்திரியால வெட்டிட்டிருக்கு. வில்லுல இழுத்துக் கட்டினது குதிரை முடி; அதை வெட்டினா கச்சேரி அம்போ. "அக்கா!"ன்னு கத்திட்டேன். ஓடி வந்த வயலின்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே அறுந்து தொங்கின முடியை மட்டும் ஒட்ட வெட்டியிருக்கு. வாசிக்கறவங்களே செய்ய வேண்டிய வேலையாம். பக்கத்து நாற்காலி வில்லையும் எடுத்துக் கொடுத்தார். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னது: "தொங்குத நூலோட ஒரு பீஸும் என் டேபிளத் தாண்டாது சார்."

கண்ணை மூடிய பையர்

கச்சேரி சரியா ஆறு மணிக்கு ஆரம்பிச்சுது. ரெண்டாவது உருப்படியிலேயே இத்தாலிக்காரர் கண்ணை மூடிட்டார். மொதலாளிக்கு வேர்த்துருச்சு. "ஆளு தூங்கறாருங்க, நிறுத்தச் சொல்லிட்டுச் சாப்பாட்டைப் போட்டுறலாம்"னு என் காதைக் கடிச்சார். நான் எந்திரிச்சேன். பையர் கண்ணைத் திறக்காமயே என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சுட்டார். உதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு. மேடையில இல்லாத பாட்டை மனுசன் ஒரு வரி விடாம முணுமுணுக்கறார். ஆர்டர் கெடச்சாச்சுன்னே நெனச்சேன்.

நோட்டீஸ்ல போட்டபடி எட்டு மணிக்கு அறுபது பேரும் ஒண்ணா முடிச்சாங்க. பையர் எந்திரிச்சு நின்னு கை தட்டினார். ஆர்டரையும் கொடுத்தார். கொடுத்துட்டு என்கிட்டத் தனியாச் சொன்னார்: "சொன்ன நேரத்துக்கு முடிக்கறது உங்க ஊர்லயும் நடக்குது. இனிமே லேட்டுக்கு மழை, கரண்ட்டு, சாயப்பட்டறைன்னு எனக்கு மெயில் போடாதீங்க."

ரெண்டு வருஷமா நான் பாடுபட்டு உண்டாக்கின சாக்குப்போக்கையெல்லாம் ரெண்டே மணி நேரத்துல வாசிச்சே காலி பண்ணிட்டாங்க, அதுக்கு நானும் எந்திரிச்சு நின்னுதான் கை தட்டினேன்.