ட்ரேயின் நடுவே ஒரு மதில்

படிப்புக்காகக் கடல்கடந்து வந்து, டூட்டிங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வெள்ளிக்கிழமைச் சமையல் என்பது ஒரே ஒரு தகர ட்ரே. என் வீட்டுத் தோழி ஹன்னா அதில் கோழித் தொடைகளை அடுக்குவாள். இடைவெளிகளில் உருளைக்கிழங்கு, கரட், சிவப்பு வெங்காயம். மேலே எண்ணெயும் உப்பும். பின்பு ஓவனின் கதவைச் சாத்திவிட்டுக் கைபேசியில் மூழ்கிவிடுவாள். கழுவ ஒரு பாத்திரம்தான் என்பதைத் தவிர அந்த உணவைப் பற்றி அவள் வேறெதையும் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு மணிக்கு அவளுக்கு ஷிப்ட். ஆகவே ஐந்து மணிக்கே சாப்பாடு. வாரம் முழுவதும் தத்தம் அறைக்குள் உண்ணும் நாங்கள் ஒரு மேசையில் அமர்வது அந்த ஒரு வேளைதான். இந்த நகரத்தில் என்னை ஒருவர் எதிர்பார்த்திருக்கும் வேளையும் அது ஒன்றே.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, உண்பதில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் சமையலறையில் மீனுக்கும் இறைச்சிக்கும் தனிச் சட்டி, தனி அகப்பை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவை மற்றப் பாத்திரங்களோடு சேர்வதில்லை. வெள்ளியன்று அவற்றை யாரும் தொடுவதுமில்லை. அதற்கு எவரும் விளக்கம் கேட்டதில்லை. விமான நிலையத்தில் அம்மா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "வெள்ளியை மட்டும் விட்டிடாதை, பிள்ளை." விடமாட்டேன் என்றேன்.

முதல் வெள்ளியன்றே, இன்று நான் இறைச்சி உண்பதில்லை என்று ஹன்னாவிடம் சொன்னேன். "அதனாலென்ன, மரக்கறியை எடுத்துக்கொள்," என்று கோழிக் கொழுப்பில் பளபளத்த உருளைக்கிழங்குகளை அள்ளி வைத்தாள். அவை கோழியோடு வெந்தவை என்றேன். "ஆனால் அவை கோழி இல்லையே." சற்று யோசித்துவிட்டு, "புதன்கிழமை நீ கோழி சாப்பிட்டாயே?" என்றாள். குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே குழம்பியிருந்தாள். ஒவ்வாமையா, மதச் சட்டமா, விலங்குகள் மீதான இரக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்கும் ஓம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு நாவலின் மௌனங்களைப் பற்றி மூவாயிரம் சொற்கள் எழுதக்கூடிய எனக்கு, ஓர் உருளைக்கிழங்கு எப்படி மச்சமானது என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல வரவில்லை. பாண் துண்டுகளில் வெண்ணெய் தடவித் தின்றேன். அடுத்த வெள்ளி நூலகத்திலேயே தங்கி, ஒரு வாழைப்பழத்தோடு மாலையைக் கழித்தேன். "என்மேல் கோபமா?" என்று ஹன்னாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது.

மூன்றாம் வெள்ளி அவள் எனக்காக ஒரு மதில் கட்டியிருந்தாள். அலுமினியத் தாளைப் பலமுறை மடித்து ட்ரேயின் குறுக்கே நிறுத்தி, ஒரு பக்கம் கோழி, மறுபக்கம் என் மரக்கறி. "இனிச் சரிதானே?" என்றாள். இவ்வளவு அக்கறையை மறுக்கும் துணிவு எனக்கில்லை. ட்ரே ஓவனுக்குள் போனது. அந்நேரம் பார்த்து அம்மா அழைத்தார்.

"இண்டைக்கு என்ன சாப்பாடு?"

"உருளைக்கிழங்கும் கரட்டும், அம்மா. ஹன்னா சமைக்கிறாள்."

"வேற சட்டியிலதானே?"

"ஓம், வேறதான்."

"பாவம், அந்தப் பிள்ளையும் உன்னால மரக்கறியே தின்னுது? படம் எடுத்து அனுப்பு, பாப்பம்."

நான் கைபேசியை வைத்த சிறிது நேரத்தில் ஓவனுக்குள் டங்கென்று ஒரு சத்தம். சூட்டில் தகரம் முறுக்கி, கோழிப் பக்கம் மேலெழுந்துவிட்டது. திறந்து பார்த்தபோது கொழுப்பு மதிலின் அடியால் நழுவி வந்து என் கரட்டுகளைச் சுற்றிக் கொதித்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம்தான்," என்றாள் ஹன்னா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடதாசித் துவாயை எடுத்து, ஒவ்வொரு கரட்டாக ஒற்றத் தொடங்கினாள். அலறலாம் போலிருந்தது. அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், மதிலுக்கு இந்தப் பக்கத்தை மட்டும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"வடிவாய்க் கிடக்கு," என்று குரற்செய்தி வந்தது. "ஓரத்தில என்ன பிள்ளை, வெள்ளியாய் மினுங்குது?"

கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஹன்னா தன் கோழியைத் தொடாமல், முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுப்பு எட்டாத ஒரு துண்டைத் தேடினேன். ட்ரேயின் கடைசி மூலையில், விளிம்பில் ஏறி ஒட்டிக் காய்ந்துபோய், ஓர் உருளைக்கிழங்கு இருந்தது. அந்த ஒன்றைப் பெயர்த்தெடுத்து, அவள் ஷிப்டுக்குப் புறப்படும்வரை போதுமாக இருக்கும்படி, மிக மெதுவாகத் தின்றேன். ட்ரேயில் கொழுப்பு, மதிலின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் உறைந்துகொண்டிருந்தது.