பசுவுக்குப் பிறகு என் பெயர்

எங்கள் வீட்டில் விடியற்கால ஜெபத்துக்கு வராமல் தப்பிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காய்ச்சல், இன்னொன்று மரணம். காய்ச்சல்காரனைப் பாயோடு இழுத்து வந்து போட்டுவிடுவார்கள் என்பதால், உண்மையில் ஒரு வழிதான்.

ஜெபம் பண்ணுவது அப்பாவின் அத்தை. எங்கள் எல்லோருக்கும் பெரியத்தை. எண்பதைத் தாண்டியவர், எழுத்து தெரியாதவர். ஆனால் முழங்கால்படியிட்டுக் கண்ணை மூடிவிட்டால், எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போலத்தான் பேசுவார். நடுநடுவே நிறுத்துவார். ஆண்டவர் பதில் சொல்ல இடம் கொடுக்கிறாராம். அந்த அமைதியில் எனக்கு முதுகு சில்லிடும். ஒற்றைக் கண்ணைத் திறந்து எதிரே பார்ப்பேன். குத்துவிளக்கும் சுவரும்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சுவரை நம்ப முடியாது.

ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மகாராஜா. திருவிதாங்கூரில் அவர் ஆட்சி முடிந்த பிறகும் பெரியத்தையின் ஜெபத்தில் மட்டும் பதவியில் நீடித்தார். அப்புறம் போதகர், மழை, தெருவில் நோயாய்க் கிடப்பவர்கள். அப்புறம் வீடு: அப்பா, அம்மா, அண்ணன், பசு. பசுவுக்குப் பிறகு நான். மற்றவர்களுக்கு ஆசீர்வாதம் மட்டும். எனக்கு முந்தின நாள் நடப்பு முழுவதும் விவரமாகப் போகும். "ஆண்டவரே, இவன் நேற்று அடுத்த வீட்டு மாமரத்தில் ஏறினதை நீர் பார்த்தீர்..." அவர் பார்த்தாரோ என்னவோ, கேட்டுக்கொண்டிருந்த அப்பா பார்த்துக்கொள்வார்.

ஒரு முறை என் குற்றம் பெரியது. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை அம்மா தனிப் பானையில் போடுவாள். ஆண்டவரின் அந்த அரிசியில் இரண்டு கை அள்ளி, பொரிகடலைக்காரனிடம் மாற்றித் தின்றுவிட்டேன். மறுநாள் விடியலில், அடிக்குத் தோதாக இரண்டு நிக்கர் மாட்டிக்கொண்டு முழங்காலிட்டேன்.

மகாராஜா வந்தார், மழை வந்தது, அண்ணன் வந்தான், பசு வந்தது. "ஆமென்" என்றார் பெரியத்தை.

தப்பித்தேன் என்று குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. அண்ணனிடம் ஓடினேன்.

"எனக்க பேரை விட்டுட்டாங்க, கவனிச்சியா?"

"உன்ன வேண்டாம்ணு ஆண்டவரே சொல்லியிருப்பாருலே. இனி நேரா எரிநரகந்தான்."

அன்று மரச்சீனிக் கிழங்கைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். பள்ளியில் வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது மூன்று தடவை "உள்ளேன்" என்றேன். மாலையில் பெரியத்தையின் முன்னால் இருமினேன், கேட்காமலே வெற்றிலை இடித்துக் கொடுத்தேன். பலிக்கவில்லை. நாளைக்கு முறையிடவாவது ஒன்று இருக்கட்டும் என்று, செம்புத் தண்ணீரை அவர் காலடியிலேயே கவிழ்த்தேன்.

"தரை சூடாக் கெடந்தது. நல்ல காரியம் மக்கா" என்று சிரித்தார்.

மறுநாளும் பசு வந்தது. ஆமென் வர வாய் திறக்கும் முன் நான் அலறிவிட்டேன்.

"நானும் இருக்கேன் பெரியத்தை! அரிசிய எடுத்தது நான்தான்! மாங்கா நான்தான்! விளக்கெண்ணெய்யக் கொட்டினதும் நான்தான்!"

எண்ணெயைக் கொட்டியது அண்ணன். பயத்தில் அவன் கணக்கையும் என் பெயரில் எழுதிவிட்டேன்.

பெரியத்தை கண் திறக்கவில்லை. கையை நீட்டித் துழாவி என் தலையைப் பிடித்தார். நெற்றி, மூக்கு, ஈரக் கன்னம் என்று தடவினார். பிறகு, எப்போதும் போல எதிரே இருப்பவரிடம் சொன்னார்:

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்க பேரு எனக்கு வரல்ல. உமக்குத் தெரியுமே. நான் விட்டாலும் நீர் விட்டுவிடாதேயும்."

நிறுத்தினார். அவ்வளவு நீண்ட அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதில்லை. தொழுவத்தில் பசுகூட அசை போடுவதை நிறுத்தியது போல இருந்தது. பிறகு யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டவர் போலத் தலையசைத்து, "ஆமென்" என்றார்.

எனக்கோ தாங்க முடியாத சந்தோஷம். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்! குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கப் பெரியத்தை போட்ட நாடகம் இது என்று அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். நெஞ்சுக்குள் பயமும் இருந்தது. பெயரே சொல்லாமல் ஒருவனை ஒப்படைக்க முடிகிறதென்றால், அந்தச் சுவருக்கு முன்னால் யார்தான் உட்கார்ந்திருந்தது?

அரிசிக்கு அடி விழவில்லை. அப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

மறுநாள் விடியலில், நோயாய்க் கிடப்பவர்களுக்குப் பிறகு பெரியத்தை தயங்கினார். உதடு அசைந்தது, பெயர் வரவில்லை. அப்போது அப்பா, வாத்தியார் முன் நிற்கும் பையனைப் போல, தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னார். பிறகு அம்மா. பிறகு அண்ணன். ஒவ்வொன்றுக்கும் பெரியத்தை தலையசைத்தார்.

நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அப்பாவும் அரிசிப் பானையில் கை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.