பிறைக்குள் ஒரு முழு வட்டம்

ஸ்டிக்கர் கடையில் பில் போடுகிறவளை எல்லோரும் பில் அக்கா என்றே கூப்பிட்டார்கள். நாற்பதை நெருங்கும் வயது, அதிகம் பேசமாட்டாள். டிசைனர் வேலையை விட்டுப் போவதாகச் சொன்னதும், புதிதாக வருகிறவனே பில்லையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி முடிவெடுத்தார். இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை. டிசைன் வேலையைத் தானே கற்றுக்கொள்வதாக அவள் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. மாதக் கடைசிக்குள் ஒரு படத்தை வரைந்து ஸ்டிக்கர் வெட்டும் மெஷினில் வெட்டிக் காட்டச் சொன்னார்.

டிசைனர் சாப்பிடப் போகும் நேரத்தில் கம்ப்யூட்டர் அவளுக்குக் கிடைத்தது. வரையும் சாஃப்ட்வேரோடு வந்த ஆரம்பப் பாடங்களில் இருந்த பயிற்சிகளை ஒவ்வொன்றாகச் செய்தாள். கோப்பை, இலை, குடை. பெரும்பாலும் வட்டமும் சதுரமும்தான். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் உருவம் வந்துவிடும். வளைவு போடுவது மட்டும் முரண்டு பிடித்தது. ஒரு புள்ளியைத் தொட்டால் கோடு வேறெங்கோ எகிறியது. ஒருநாள் பூனை வரைந்து, போனில் வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஸ் மெக்கானிக்கான கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பன்னி நல்லாத்தான் இருக்கு."

"அது பூனைங்க."

"அப்ப மீசையைப் போட்டுடு. யாரும் கேக்கமாட்டாங்க."

மீசை போட்டாள்.

குழந்தைகள் மருத்துவர் ஒருவர் தன் அறைக் கதவுக்கு நிலாவும் தூங்கும் பூனையும் கேட்டார். முதலாளி அதை அவளிடம் தள்ளிவிட்டார். மஞ்சள் வட்டத்தின் மேல் வெள்ளை வட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்தாள். திரையில் அழகான பிறை. மெஷின் ஓடி நின்றதும் ஸ்டிக்கரை உரித்தாள். பிறையைக் காணோம். இரண்டு முழு வட்டங்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு கிடந்தன. பூனைக்குக் காது தனி, தலை தனி, வால் தனி. மெஷினின் கத்திக்கு நிறம் தெரியாது. கோடு இருக்கும் இடமெல்லாம் வெட்டும். அவள் வெள்ளையால் மறைத்தது எல்லாம் அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

முதலாளி துண்டுகளைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

"புதுசா வர்றதா இருந்த அந்தத் தம்பியையே வரச் சொல்லிடறேம்மா. மனசுல வச்சுக்காத."

"இன்னொரு தடவை வெட்டிடறேன் அண்ணே. அப்புறம் கூப்பிடுங்க."

அவர் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தார்.

அவள் நிறங்களை அணைத்து வெறும் கோடுகளை மட்டும் திரையில் வரவைத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஒரே சிக்கல். காதைத் தலையோடு சேர்த்து ஒரே உருவமாக்கினாள். வாலையும் சேர்த்தாள். மஞ்சள் வட்டத்திலிருந்து வெள்ளை வட்டத்தைக் கழித்தாள். மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள். அத்தனை மெல்லிய கோடு உரிக்கும்போதே பிய்ந்துபோகும்.

இந்த முறை பிறை பிறையாகவே வந்தது. பூனையும் ஒரே துண்டு. முதலாளி அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பினார். போன் சட்டைப் பைக்குள் போனது.

"வால் நுனி கூரா இருக்கு. புள்ளைங்க நகத்தால கெளப்பிடும், மழுக்கிடு. அங்க பில்லுக்கு ஆள் நிக்குது, போய்ப் பாரு."

அவள் முதலில் வாலை மழுக்கினாள். பிறகுதான் எழுந்து போனாள்.