உருளைக்கிழங்கு நடவன்று ருஸ்லானா ஓடிய ஓட்டம்

மே பிறந்தால் கிரெமென்சூக் நகரமே மண்வெட்டியும் கையுமாகத் திநிப்ரோ ஆற்றைக் கடந்து தோட்டங்களுக்குப் போய்விடும். உருளைக்கிழங்கு நடவு. கல்யாணத்துக்கு வராத மருமகளைக்கூட மன்னிப்பார்கள், நடவுக்கு வராதவளை மன்னிக்க மாட்டார்கள். அதனால் ருஸ்லானாவும் முந்தின மாலையே மாமியார் பராஸ்காவின் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். விடிந்ததும் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குழி தோண்டும்போதுதான் கைபேசி அடித்தது. நகரத்தில் எதிர் வீட்டுக்காரி ஸோயா.

"ஏண்டி, உன் கதவை ஒரு பொண்ணு தட்டு தட்டுன்னு தட்டுறா. கையில நீலப் பை வச்சிருக்கா."

ருஸ்லானாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒஸ்தாப், காரை எடு. ஏழு மணி வரைக்கும் வீட்ல இருப்பேன்னு சொல்லி வச்சிருக்கேன். சுத்தமா மறந்துட்டேன்."

கணவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஓட்டக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் எந்த நாளும் வந்து நிற்கலாம். ஓராண்டில் மூன்று முறை ஆள் இல்லையென்றால் தடை. இந்த ஆண்டில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தாள்.

தடை அவளுக்குப் புதிதும் இல்லை. இருபத்து மூன்று வயதில், நூறு மீட்டரில் நாட்டிலேயே இரண்டாவதாக வந்தவள். பயிற்சியாளர் போட்ட ஊசி வைட்டமின் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். "இந்த வாரம் ஏதாவது மருந்து எடுத்தீங்களா?" என்று சோதனைக்கு வந்தவர் கேட்டபோது, "ஒண்ணுமில்ல" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். சோதனையில் மாட்டி, தடையில் இரண்டு வருடம் போயிற்று. திரும்பி வந்து ஓடியவள் அடுத்த தடையை வாங்கியது வெறும் அசட்டுத்தனத்தால். போட்டிக்கு முந்தின நாள் ரொட்டி வாங்கக் கிளம்பியவளுக்குச் சோதனை நேரம் பாதி வழியில் நினைவு வந்தது. புறப்பட்டவள் திரும்பினால் காரியம் கெட்டுவிடுமே என்று திரும்பவில்லை. அது அந்த ஆண்டின் மூன்றாவது முறை. சகுனம் பார்த்ததற்கு ஒன்றரை வருடம்! இப்போது வயது முப்பத்து நான்கு. இன்னொரு தடை என்றால் ஓட்டத்துக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் உட்காருங்க. உட்காராம யாராவது பயணம் கிளம்புவாங்களா?" என்றாள் பராஸ்கா.

"நேரமில்லம்மா."

"அதுக்குத்தான் உட்காரச் சொல்றேன்" என்று சொல்லி, கிழவி வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தானே உட்கார்ந்தாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

பிறகு அவளும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் பாலம் வரை பறந்தது. பாலத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. யாருடைய டிரெய்லரோ குடைசாய்ந்து, விதைக்கிழங்கு சாலை முழுக்க உருண்டு கிடந்தது. ஊருக்கு இருப்பதே அந்த ஒரு பாலம். ருஸ்லானா கதவைத் திறந்தாள்.

"பூட்ஸோட எப்படி ஓடுவே?" என்றான் ஒஸ்தாப்.

அவள் பூட்ஸைக் கழற்றி அவன் மடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு பாய்ந்தாள். கிழங்குகளைத் தாண்டினாள், திட்டிக்கொண்டிருந்த டிரெய்லர்காரனைத் தாண்டினாள். நின்ற கார்களிலிருந்து தலைகள் நீண்டன. பேருந்து ஓட்டும் பன்கிராத் ஜன்னல் வழியாகக் கத்தினார்:

"ஏம்மா ருஸ்லானா, இன்னிக்கு என்ன மாத்திரை?"

கார்களில் சிரிப்பு எழுந்தது. பதினோரு வருடமாக ரொட்டிக்கடையிலும் பேருந்திலும் அவள் கேட்டுச் சலித்த கேள்வி. எப்போதும் தலையைக் குனிந்துகொள்வாள். இன்று ஓடிக்கொண்டே திரும்பி, "நம்ம ஊர்க் கிழங்கு, மாமா!" என்று கத்தினாள். இந்த முறை எழுந்தது வேறு மாதிரிச் சிரிப்பு. யாரோ ஹாரன் அடித்தார்கள், பின்னாலேயே பாலம் முழுக்க அடித்தது. நூறு மீட்டருக்குப் பழகிய நுரையீரல் ஆற்றின் நடுவிலேயே தீப்பற்றி எரிந்தது. ஆனாலும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. இப்படி ஒரு கூட்டத்தின் முன்னால் ஓடி எத்தனை காலம்!

அவள் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாவது மாடியில் நீலப் பைக்காரி கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

"ருஸ்லானா நீங்கதானா? இன்னும் மூணு நிமிஷத்துல போயிருப்பேன்."

உள்ளே வந்தும் சிறுநீர் ஒரு சொட்டு வரவில்லை. உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் வேர்வையாகப் பாலத்திலேயே போய்விட்டது. சமையலறையில் உட்கார்ந்து குழாய்த் தண்ணீராகக் குடித்தாள். வழி திறந்து ஒஸ்தாபும் பராஸ்காவும் வந்து சேர்ந்தார்கள். கிழவி கையில் செர்ரிப் பழரசம் நிறைந்த கண்ணாடிச் சாடி.

"தோட்டத்திலேயே திறந்துட்டேன், குடி."

"சோதனைக்கு முன்னாடி, திறந்து வச்சதை யார் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன்மா. நீங்க கொடுத்தாலும்தான்."

பராஸ்காவின் முகம் சுருங்கியது. பிறகு சாடியைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்தாள். "சரி. இப்பவாவது உட்காருவோம்." ஒஸ்தாப் உட்கார்ந்தான். பைக்காரியும் இந்த ஊர்ப் பெண்தானே, அவளும் உட்கார்ந்தாள்.  கொஞ்ச நேரத்தில் ருஸ்லானா எழுந்து குளியலறைப் பக்கம் நடக்க, பைக்காரியும் கூடவே போனாள்.

புட்டிகளை மூடி முத்திரையிட்ட பிறகு அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வாரம் ஏதாவது மருந்து எடுத்தீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றாள் ருஸ்லானா. பொய் சொன்ன அன்று அசையாத குரல் இன்று உடைந்துபோயிற்று. மண் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.