இனாயத்துல்லா அடைத்த பதினெட்டுத் தோட்டாக்கள்

“இதைச் சுடக்கூடாதுன்னு பர்மா பாஷையில மரியாதையா எப்படிம்மா எழுதறது?” என்று பெரியத்தா இனாயத்துல்லா கேட்டபோது, ஸமீரா அவருடைய கடைப் பலகையில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். பர்மாத் தலைநகரின் க்யிம்யிண்டைங் சந்தையில் ஆணி, பூட்டு, கீல் விற்கிற கடை. 1997ஆம் ஆண்டு, மழை விட்டிருந்த ஒரு காலை. பகலில் பர்மியப் பள்ளி, மாலையில் மதரசாவில் தமிழ் என்று படித்து வளர்ந்தவள் அவள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தாள். ஆகவே சர்க்கார் கடிதம் என்றால் சொந்தக்காரர்கள் அவளைத்தான் தேடி வருவார்கள்.

யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். போலீஸுக்கு என்றார். எதைச் சுடக்கூடாது என்று கேட்டாள். எண்பத்தெட்டில் துப்பாக்கியோடு ஒப்படைத்த தோட்டாக்களை என்றார். எத்தனை? பதினெட்டு. கடையில் வாங்கியவையா என்று அவள் கேட்டாள். அவர் தராசுத் தட்டில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

“நான் அடைச்சது. வெடிமருந்து கூடிப்போச்சு. சுடறவன் மூஞ்சியிலயே வெடிக்கும்.”

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

இனாயத்துல்லாவைப் பார்த்தால் வேட்டைக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, உரத்துப் பேசாத வாய். ஆனால் அவருடைய வலது தோளில் காய்த்துப்போன ஒரு கறுப்புத் தழும்பு உண்டு. அது மேக்னம் ரைபிள் உதைத்து உதைத்து விழுந்தது. யானையையும் காட்டெருமையையும் நிறுத்துகிற துப்பாக்கி அது. தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து ஐம்பத்தொன்பதில் லைசென்ஸோடு வாங்கினார். பகோ மலைக்காட்டில் மரம் வெட்டும் கூப்புகளில் யானை மதம் பிடித்து ஆளை மிதித்தால் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். காட்டெருமை விழுந்தால், அதன் உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டுமே என்று கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். “ஊ இனாயத் ஓடிவர்றதைப் பார்த்து எருமை எந்திரிச்சு ஓடிடப்போகுது” என்று கூடவரும் பர்மியர்கள், பெயருக்கு முன்னால் மரியாதையாக ‘ஊ’ சேர்த்தபடியே, சிரிப்பார்கள்.

அறுபதுகளில் தோட்டா இறக்குமதி நின்றது. அதன்பிறகு அவரே அடைத்தார். சுட்டபின் கீழே விழும் பித்தளைக் கூட்டைப் புல்லில் மண்டியிட்டுத் தேடி எடுத்து வருவார். உப்பிய கூட்டை இரும்பு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் தீப்பொறி தரும் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டைப் பொருத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலை, தொழுகைக்குப்போலக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டுத்தான் உட்காருவார். மின்விசிறி ஓடக்கூடாது, தராசு ஆடும். வேலை முடிகிறவரை அவர் மனைவி ரஹீமா பெரியம்மா அடுப்பு மூட்டக்கூடாது. மேக்னம் கூட்டுக்குள் மருந்து அளவுக்கு மேல் போனால் துப்பாக்கியின் இரும்பே தாங்காது. அதனால் புதிதாக அடைத்ததில் முதல் தோட்டாவை அவர் தோளில் வைத்துச் சுடமாட்டார். காட்டில் துப்பாக்கியை மரத்தோடு சேர்த்துக் கட்டி, கயிற்றால் விசையை இழுப்பார். கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருந்தால்தான் மற்றவை பைக்குள் போகும். தான் அடைத்த தோட்டாவால் ஒரு மனிதனுக்கு நகக்கீறல்கூட விழுந்ததில்லை என்பது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட ஒரே பெருமை.

எண்பத்தெட்டில் சர்க்காரை எதிர்த்து ஊர் கொந்தளித்தபோது கடைச் சாமான்களை அவசரமாக வீட்டுக்கு மாற்றினார்கள். அதில் மருந்து நிறுக்கும் சின்ன எடைக்கற்களின் பெட்டி தொலைந்துபோனது. அதே வாரம் ஒரு கூப்பில் யானை இரண்டு பேரைக் கொன்றுவிட்டதாக ஆள் வந்தது. ரஹீமாவின் தம்பி கமால் நகைக்கடை வைத்திருந்தார். அவர் தன் பாட்டனார் காலத்துத் தங்க எடைக்கற்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கக் கணக்கை மருந்துக் கணக்காக மாற்றி எழுதிக்கொண்டு, இனாயத்துல்லா பதினெட்டு அடைத்தார். ஆனால் பாதை அடைபட்டு அவரால் காட்டுக்குப் போக முடியவில்லை. ஊருக்குள் சுட்டுப் பார்க்கவும் முடியாது. பிறகு லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். கொடுத்தார். துப்பாக்கி ஒன்று, தோட்டா பதினெட்டு என்று ரசீது வாங்கி வந்தார்.

ஒன்பது வருஷம் அந்தத் தோட்டாக்களை அவர் நினைக்கவே இல்லை. கமால் கடைக்கு மின்தராசு வந்தது. புதுச் சாமானைச் சோதித்துப் பார்க்கிற ஆசையில் பழைய கற்களை அதில் வைத்துப் பார்த்த கமால், சிரித்துக்கொண்டே க்யிம்யிண்டைங் வந்தார்.

“மச்சான், எங்க பாட்டன் பெரிய ஆளு. விக்கிறதுக்கு ஒரு கல்லு, வாங்கறதுக்கு ஒரு கல்லுன்னு ரெண்டு பெட்டி வச்சிருந்திருக்காரு. உங்களுக்குக் குடுத்தது வாங்கற பெட்டி. நூத்துக்கு ஏழு கூடுதல்.”

தங்கத்தில் ஏழு கூடினால் விற்க வந்தவனுக்கு நஷ்டம். மேக்னம் தோட்டாவில் ஏழு கூடினால் என்ன ஆகும் என்று கமாலுக்குத் தெரியாது. இனாயத்துல்லா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஸமீரா சாயங்காலம் போனபோது ரஹீமா பெரியம்மா அழுது முடித்திருந்தார். லைசென்ஸில் இருந்தது துப்பாக்கி மட்டுந்தான். வீட்டில் தோட்டா அடைக்க இவர் யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை.

“அந்த நேரத்துல குடுத்த தோட்டா வெடிக்கும்னு இப்பப் போய்ச் சொன்னா, வேணும்னே வச்சுக் குடுத்தான்னுதான் நினைப்பாங்க. எவனோ ஒருத்தன் கைக்காக நீங்க ஜெயிலுக்குப் போகணுமா?”

“எவனோ ஒருத்தன் கைதான், ரஹீமா” என்றார் அவர்.

கையெழுத்தில்லாமல் ஒரு கடிதம் போடலாம் என்று ஸமீரா சொல்லிப் பார்த்தாள். பெயரில்லாக் கடிதத்தை எவரும் பெட்டியைத் திறந்து பார்க்குமளவுக்கு மதிக்கமாட்டார்கள் என்று அவர் மறுத்தார். அவள் எழுத உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்காக மட்டுமல்ல, தன் வேலைக்காகவும் பயந்தாள். அதனால் முதல் பிரதியில், தோட்டாக்கள் மிகவும் பழையவை என்பதால் உபயோகிக்க வேண்டாம் என்று எழுதினாள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டவர் கூடாது என்று தலையை ஆட்டினார். பழசு என்றால், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒருவன் கட்டாயம் ஒன்றைச் சுட்டுப் பார்ப்பான். மருந்து அதிகம், அடைத்தது நான், தவறு என்னுடையது என்று எழுதச் சொன்னார். அவள் அப்படியே எழுதினாள். அவர் தன் பெயரைத் தமிழிலும் பர்மிய எழுத்திலும் போட்டார். பர்மிய எழுத்து கோணலாக விழுந்தது.

அவளும் கூடப் போனாள். போலீஸ் நிலையத்தில் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மிங்கலாடோன் பக்கம் ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் பதினான்கு இருந்தன. இனாயத்துல்லா எண்ணினார். மறுபடி எண்ணினார்.

தொண்ணூற்றொன்றில் ஒரு மரக்கூப்புக்கு யானை விரட்ட அந்த ரைபிளையும் நான்கு தோட்டாக்களையும் கொடுத்திருந்தார்கள். இரண்டும் திரும்பவில்லை. அந்தக் கூப்பும் கலைந்துவிட்டது. அங்கே யாருக்காவது அடிபட்டதா என்று ஸமீரா பர்மியத்தில் கேட்டாள். ஏட்டில் அப்படி எதுவும் இல்லை என்றார் அதிகாரி. ஏட்டில் இல்லை என்பதற்கு நடக்கவில்லை என்று அர்த்தமா என்று பெரியத்தா அவளிடம் தமிழில் கேட்டார். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை.

கடிதத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கட்டி உள்ளே அனுப்பினார்கள். மறுநாள் ஆட்கள் வந்து அச்சுகளையும் மீதி மருந்தையும் எடுத்துப்போனார்கள். மூன்று தடவை கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்து விசாரித்தார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. ரஹீமா பெரியம்மா நேர்ச்சையாக தர்காவில் சோறு ஆக்கிப் போட்டார். வீட்டில் எல்லோருக்கும் அதோடு விஷயம் முடிந்தது.

அவருக்கு முடியவில்லை. 2008இல் இறக்கும்வரை, பித்தளைச் சாமான் விற்கிற யாராவது கடைப்பக்கம் வந்தால் எழுந்துபோய், தன் தோட்டாவின் கூடு ஏதும் கிடக்கிறதா என்று மூட்டையைக் கிளறிப் பார்ப்பார். காட்டுப்பக்கம் இருந்து யார் வந்தாலும் உட்காரவைத்துத் தேநீர் வாங்கிக்கொடுத்து, கை ஊனமானவர்களைப் பற்றி விசாரிப்பார். ஸமீரா வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுக்குப் போனாள். கல்யாணமாகி நகரின் மறுகோடியில் தாகேதாவில் குடியேறிய பிறகும் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. ஏன் என்று கணவர் கேட்டபோது, மிங்கலாடோனிலிருந்து திரும்பிய லைன் பஸ்ஸைப் பற்றித்தான் அவள் சொன்னாள்.

பஸ்ஸில் கூட்டம். பெரியத்தாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவள் பக்கத்தில் நின்றாள். பர்மியம் பேச வருமே தவிர, அவருக்குப் படிக்க வராது. இறங்க இரண்டு நிறுத்தம் இருக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் குனியவைத்தார்.

“ஸமீரா, எனக்கு நீ ஒண்ணு செய்யணும். வாரவாரம் வந்து பேப்பர் படி. துப்பாக்கி வெடிச்சு ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு, கை போச்சுன்னு எங்க வந்திருந்தாலும் சொல்லு. வயசானவன், தாங்கமாட்டான்னு மறைச்சிடாதே. அவன் ஊர் பேரையும் எழுதி வை. நான் போகணும்.”