என் விதிக்கு நானே குலுக்கிய சீட்டு

லண்டனில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அரிசியை யாரும் சாப்பிடுவதில்லை. நோயாளிகளின் மேல் அடுக்கி வைக்கிறார்கள். புற்றுநோய்க்கு எக்ஸ்ரே கொடுக்கும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பி, கதிர் சீராகப் பாயச் சின்னச் சின்ன அரிசிப் பைகள் உண்டு. கதிருக்குச் சதையும் அரிசியும் ஏறக்குறைய ஒன்றுதானாம். வந்த புதிதில், ரேஷன் காலத்தில், ஒரு கைப்பிடி அரிசிக்குக் கடை கடையாக அலைந்தவன் நான். நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் வளர்ந்தவனுக்கு அதைப் பார்க்க வயிறு எரியாதா? வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி பகவதி வாயில் கை வைத்தாள். "சோத்துக்கு இல்லாத அரிசிய மூட்ட கெட்டி ஆளுக்க மேல வைக்கியளா? நல்ல ஊருதான் போங்க!"

என் வேலை பெரும்பாலும் பின்கட்டில், கணக்கு மேசையில். உடம்புக்குள் நுழைந்த கதிர் எங்கே போய் அடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. அதனால் காகிதத்திலேயே ஓர் ஆளைச் செய்வோம். தலை ஒரு சின்ன உருளை, உடம்பு ஒரு பெரிய உருளை, உள்ளே முழுக்கத் தண்ணீர். அவன் மேல் ஒரு கதிரை விடுவோம். எவ்வளவு தூரம் போகும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே நிற்கும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சீட்டுக் குலுக்காத குறைதான். தாறுமாறான எண்களை அச்சடித்த புத்தகத்தில் அடுத்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வோம். ஒரு கதிரின் கதை முடிந்தால் அடுத்தது. ஆயிரக்கணக்கில் செய்தால்தான் உண்மை முகம் காட்டும். கையால் செய்து சலித்த பிறகு பல்கலைக்கழகத்தின் மின் கணக்குப் பொறியில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஓர் அறை முழுக்க ரேடியோ வால்வுகள். பக்கத்தில் நின்றால் நெல் அவிக்கிற அடுப்படி போலச் சூடு. இதையெல்லாம் சொந்த ஊரான இராஜாக்கமங்கலத்துக்கு எழுதினேன். "படிக்க அனுப்பினா சீட்டா குலுக்குதான் அவன்?" என்று அப்பா கேட்டதாக அண்ணன் பதில் போட்டிருந்தான்.

அளவெடுக்க நான் ரேடியம் அறைக்கும் போக வேண்டியிருக்கும். அங்கே போகிற எல்லோரும் நெஞ்சில் ஒரு சின்னப் பட்டையைக் குத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் வெளிச்சம் படாமல் சுற்றிய பிலிம் இருக்கும். மாதக் கடைசியில் கழுவிப் பார்த்தால், பட்ட கதிரின் அளவுக்கு அது கறுத்திருக்கும். மற்றவர்கள் மாலையில் பட்டையை அங்கேயே மாட்டிவிட்டுப் போவார்கள். நானோ, ஆஸ்பத்திரிப் பொருள் தொலைந்தால் என் தலை உருளும் என்ற பயத்தில் கோட்டில் குத்தி வீட்டுக்கே கொண்டுபோய்விடுவேன். என் பிலிம் எப்போதும் கண்ணாடி போலத்தான் வரும். போன குளிர்காலத்தில் ஒரு மாதம் திட்டுத்திட்டாகக் கறுத்து வந்தது. எங்கள் பிரிவின் தலைவி மிஸ் பிளேக் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நான் சௌகரியமாக இருக்கிறேனா என்று கேட்டார். வாடகை அறையைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து, சுவரில் ஈரம், மற்றபடி குறையில்லை என்றேன். அவர் கேட்டது வாந்தி உண்டா, தலைசுற்றல் உண்டா என்று. அது புரிந்ததும் எனக்குத் தலை சுற்றவே செய்தது.

அன்றே என்னை ரேடியம் அறையிலிருந்து விலக்கினார்கள். ரத்தம் எடுத்தார்கள். கையையும் காலில் போட்டிருந்த சப்பாத்தையும் கருவியால் தடவிப் பார்த்தார்கள், சுத்தம். கதவோரத்துக் கொக்கியில் தொங்கிய கோட்டைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. வேலை போனால் போகட்டும், கப்பலேறி ஊருக்குப் போய் வயலைப் பார்க்கலாம். என்னை அரித்தது வேறு. பகவதி அப்போது மாசமாக இருந்தாள். ரேடியத் தூசி ஏதாவது என்மேல் ஒட்டி வீடு வரை வந்திருந்தால்? அவள் பக்கத்தில் உட்காரவே கூசினேன். அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

கணக்கு மேசை மட்டும் மிச்சமிருந்தது. மிஸ் பிளேக்கிடம் அனுமதி கேட்டு, காகித ஆளை நானாக்கி, நெஞ்சில் ஒரு பிலிமையும் மாட்டிவிட்டேன். பிலிமுக்கு முன்னால் ஒரு தகரத் துண்டு உண்டு. எதிரிலிருந்து கதிர் வந்தால் அதன் நிழல் பிலிமில் விழ வேண்டும். ரேடியம் பெட்டியிலிருந்து கதிரை விட்டேன். நிழல் விழுந்தது. எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து விட்டேன். அப்போதும் விழுந்தது. என் பிலிமிலோ நிழலே இல்லை. என் தலைவிதிக்கு நானே சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன், ஒரு சீட்டும் பொருந்தவில்லை. கடைசியில், வேறு வழி தெரியாமல், கதிரை அந்த ஆளின் நெஞ்சோடு ஒட்டி, பிலிமுக்குப் பின்னால் வைத்துப் பொறிக்குக் கொடுத்தோம். அச்சு அசலாக என் பிலிமின் திட்டுகளே வந்தன. மிஸ் பிளேக் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள் சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய்க் கோட்டைத் தடவினேன். இடது பக்க உள்துணியில் ஒரு முடிச்சு கையில் பட்டது.

"ஏட்டி, இதுக்குள்ள என்னத்த வச்சுத் தச்சிருக்க?"

"ஏசாண்டாம். நீங்க பனியில வழுக்கி விழுந்தியல்லா, அதுக்குப் பொறவு தச்சு வச்சேன். அம்மை தந்துவிட்ட மண்ணு. அம்மனுக்க கல்யாண அரிசியாக்கும் அது. சொன்னா சிரிப்பியன்னுதான் சொல்லல்ல."

குமரி அம்மனின் கல்யாணம் நின்றுபோனபோது சமைக்காத அரிசியெல்லாம் கடற்கரை மணலாகிவிட்டது என்பது எங்கள் பக்கத்துக் கதை. பகவதியின் ஊர் மணவாளக்குறிச்சி. பெண் பார்க்கப் போன அன்று அந்தக் கரையின் கறுப்பு மணல் என் வேட்டிக் கரையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகவில்லை. பெட்ரோமாக்ஸ் மேண்டில் செய்ய இந்த மண் கப்பலேறிப் போகிறது என்று மாமனார் பெருமையாகச் சொன்னார். அதில் கதிர் வீசும் தோரியம் இருப்பதைப் புத்தகத்தில் படித்தவன் நான்தான். படித்தது ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் முடிச்சை மிஸ் பிளேக்கின் மேசையில் வைத்து, இது எங்கள் அம்மனின் அரிசி என்றேன். எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று அவர் மிக அக்கறையாகக் கேட்டார். கருவியை அருகில் கொண்டுபோனதும் அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவ்வளவுதான், அந்தக் கண்டிப்பான அம்மாள் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். ரத்தம் சரியாக இருந்தது. ரேடியத் தூசி எதுவும் வீட்டுக்கு வரவில்லை. அந்த ஒரு பிடி மணலால் பகவதிக்கோ பிள்ளைக்கோ ஒன்றும் ஆகாது என்று அவர் கணக்குப் போட்டே காட்டினார். மாடிப் பேருந்தில் வீடு திரும்பியபோது யாரென்றே தெரியாத கண்டக்டருக்கு நன்றி சொன்னேன்.

நடந்ததையெல்லாம் சொன்னபோது பகவதிக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "ஒரு பிடி மண்ணுக்கு இந்தப் பாடுன்னா, அதுலயே கெடக்க எங்க வீட்டு ஆளுவளுக்கு?" என்றாள். அப்போதுதான் உறைத்தது: எங்கள் தண்ணீர் ஆளுக்குக் காலடியில் தரையே கிடையாது. இத்தனை நாளும் அவனை வெறும் அந்தரத்தில் நிறுத்திக் கதிர் விட்டிருக்கிறோம். மிஸ் பிளேக்கிடம் சொன்னேன். "அப்படியானால் உங்கள் தரையைக் கொடுங்கள்" என்றார். அந்த மணலையே அளந்து, கணக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் பரப்பி, அவனை அதன்மேல் நிறுத்தினோம். அவன்மேல் பட்ட கதிர் லண்டன் மண்ணில் கிடைப்பதைவிடக் கூடுதல்தான். ஆனால் ரேடியத்தோடு வேலை செய்யும் எங்களுக்கு அனுமதித்த அளவுக்கு வெகுதூரம் கீழே. நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

நான் கிளம்பும்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த என் ஊர் இந்த நவம்பரில் சென்னை மாநிலத்துக்குப் போய்விட்டது. எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் இப்போதெல்லாம் சற்று யோசித்துத்தான் சொல்கிறேன். பகவதியிடம் கணக்கு முடிந்த செய்தியைச் சொன்னபோது, தூங்குகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தத் தண்ணி ஆளு இப்பவும் நம்ம கடப்புறத்துலயா நிக்காரு?"

"ஆமா. பொறி லண்டன்ல. ஆளு மணவாளக்குறிச்சியில."

"கால்ல செருப்பு உண்டா?"

"இல்ல."

"அப்போ அவரு ஊருக்குப் போய்ச் சேந்துட்டாரு" என்றாள். நான் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பனிக்குள் இறங்கி, அவனைப் பார்த்துவர வேலைக்குப் போனேன்.